கேட்காத கலிமா

செப்டம்பர் 9, ஞாயிறு

இந்த டைரி மச்சானின் மருந்துக்கடைக்கு ஏதோ கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் இருமல் மருந்தின் புகழ் பாடியிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடக்கிறது. ஆகஸ்ட் முப்பது, வியாழக்கிழமை மச்சான், என் கணவர், மௌத்தானார். அந்தப் பக்கத்தையும் வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

இத்தா இருக்கிறேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல், பூவும் அத்தரும் வண்ணச்சேலையும் இல்லாமல் இருக்கவேண்டிய காலம். பெண்கள் மதரஸாவில் இந்தப் பாடத்தை நான் வருடா வருடம் நடத்துகிறேன். கரும்பலகையில் நான்கே வரியில் முடித்துவிடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

நேற்று ஒரு மாமி வந்து நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடினாள். இத்தா இருக்கிறவள் வானத்தைப் பார்க்கக்கூடாது என்றும் சொன்னாள். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டேன். புருஷனைப் பறிகொடுத்தும் இவளுக்கு வாய் குறையவில்லை என்று முனகிக்கொண்டே போனாள். துணியை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்த்ததும் மாமி சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகப் பட்டது.

இம்தியாஸ் காக்கா சீலா மீன் வாங்கி வந்தார். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் பித்அத்துகளை, மார்க்கத்தில் பிற்பாடு நுழைந்த பழக்கங்களை, எதிர்த்துப் பேசும் எங்கள் அமைப்புக்கு அவர்தான் தலைவர். தர்கா, கூடி ஓதுகிற மௌலூது, ராத்திபு எல்லாவற்றையும் எதிர்த்துப் பேசுவார். பெண்கள் பக்கம் நான் பேசுவேன். மச்சானை அடக்கிய அன்று கபுருக்குப் பக்கத்தில் நின்று அவர் பேசியதை ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. "ஜவ்ஹர் சாதிக் மச்சான் வாலிபத்துல ஷெய்கு கையப் பிடிச்சு, சூஃபி தரீக்கா வழின்னு போனவர். அல்லாஹ் வெளக்கத்தைக் கொடுத்தான், எல்லாத்தையும் விட்டார். கடைசி மூச்சுல கலிமாவைத் தெளிவா மொழிஞ்சிருக்கார். என் தங்கச்சி பக்கத்துல இருந்து காதால கேட்டிருக்கா."

அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை என்னும் கலிமா, 'லா இலாஹ இல்லல்லாஹ்', யாருடைய கடைசிச் சொல்லோ அவர் சொர்க்கம் புகுவார் என்று ஹதீஸ் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் கொடுத்துவைத்த மனுஷர் என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.

செப்டம்பர் 21, வெள்ளி

மகள் ருஷ்தா திருச்சி ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். வாப்பாவின் மௌத்துக்கு வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டிருந்தது. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. கடைசி நேரத்தில் இல்லாமல் போனோமே என்பது அவளை விடவே இல்லை.

"ம்மா, கலிமா சொன்னப்போ வாப்பா கொரல் எப்டி இருந்துச்சு?"

"மெதுவா. ஆனா தெளிவா."

"கண்ணு தெறந்திருந்தாங்களா?"

"மூடியிருந்தாங்க."

அதைக் கேட்டுவிட்டு அவள் பசிக்கிறது என்றாள். மூன்று வாரத்தில் அவளாகப் பசி என்று சொன்னது இன்றுதான். அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்துகொண்டிருந்தேன் போல. "தண்ணி வெள்ளையாவே ஓடுதும்மா, போதும்" என்றாள்.

செப்டம்பர் 30, ஞாயிறு

காக்கா வீட்டு மைனி வந்து நாள் முழுக்க இருந்தாள். நல்ல மனசு. ஆனால் மச்சானின் முடிவைப் பற்றி என்னையே விவரிக்கச் சொல்லிக் கேட்கிறாள். நான் சொல்லத் தொடங்கினால் முந்திக்கொண்டு அவளே சொல்லிவிடுகிறாள். என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறது.

அக்டோபர் 4, வியாழன்

தெருமுனையில் பெண்கள் தைக்கா இருக்கிறது. வியாழன் பின்நேரம் பெண்கள் கூடி அங்கே ராத்திபு ஓதுவார்கள். அல்லாஹ்வின் பெயர்களைக் கூட்டாக, ராகத்தோடு, திரும்பத் திரும்பச் சொல்வது. முன்பெல்லாம் அந்த நேரம் நான் மதரஸாவில் இருப்பேன். இப்போது போக இடமில்லை. ஜன்னலைச் சாத்தினேன். புழுக்கம் தாங்காமல் திறந்தேன். புழுக்கத்துக்காகத்தான்.

இதை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். மச்சான் கலிமா சொல்லவில்லை.

அன்று அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். "ருஷ்தா பஸ் ஏறிட்டாளா?" என்றார். சிறுநீரகம் போய் உடம்பு வீங்கியிருந்ததே தவிரப் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. பிறகு மூச்சு மாறியது. எனக்குப் புரிந்துவிட்டது.

மௌத்து நேரத்தில் இருப்பவரிடம் 'சொல்' என்று ஏவக்கூடாது. நாம் பக்கத்தில் இருந்து மெல்ல மொழியவேண்டும், அவர் கேட்டுத் தானாகச் சொல்லிக்கொள்வார். வற்புறுத்தினால், வேதனையில் மாட்டேன் என்றுவிடக்கூடும். அதுவே அவருடைய முடிவாகிவிடக்கூடும். இதுதான் சட்டம். பரீட்சையில் இதைக் காரணத்தோடு எழுதாத பிள்ளைக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட நான் என்ன செய்தேன்? தோளைப் பிடித்து உலுக்கினேன். "கலிமா சொல்லுங்க மச்சான், வாயத் தெறங்க, சொல்லுங்க" என்று கத்தினேன்.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். தலையை வலப்பக்கம் கொண்டுபோனார். பிறகு இடப்பக்கம். கசப்பு மருந்தைக் காட்டினால் பிள்ளைகள் வேண்டாம் என்று ஆட்டுவார்களே, அப்படி. நான் இன்னும் கத்தினேன். அவர் இன்னொரு தடவை ஆட்டினார். அத்தோடு அடங்கிவிட்டார்.

காக்கா உள்ளே வந்து முதலில் கேட்டது அதுதான். "கலிமா சொன்னாரா மிஸ்ரி?" சொன்னாங்க என்றேன். வேறென்ன சொல்வேன்? என் கத்தலுக்கு மறுத்து அவர் போய்விட்டார் என்றா?

பயமாக இருக்கிறது. அவரை நினைத்தும் பயம், என்னை நினைத்தும் பயம். யா அல்லாஹ்.

அக்டோபர் 5, வெள்ளி

நேற்று எழுதியதைக் கிழிக்கப் பார்த்தேன். பின்பக்கத்தில் கேஸ் சிலிண்டர் பதிவு எண் இருக்கிறது.

அக்டோபர் 14, ஞாயிறு

தௌலத் வந்தாள். ஆலிமா படிப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது பெண்கள் கல்லூரியில் அரபி நடத்துகிறாள். மச்சானுக்குச் சின்னம்மா மகளும்கூட. படித்தும் கெட்டாள் என்று நான் மேடையிலேயே பெயர் சொல்லாமல் சொன்ன ஆள். காதிரிய்யா தரீக்காவில் பைஅத் வாங்கியிருக்கிறாள். ஷெய்கு ஒரு தட்டுத் தண்ணீரில் கை வைத்து எடுப்பாராம், பிறகு பெண்கள் அதில் கை வைத்து உறுதிமொழி சொல்வார்களாம். அந்தத் தண்ணீரைப் பற்றி நான் ஒரு வருடம் அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

வந்ததும் கட்டிப்பிடித்து அழுதாள். கலிமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களில் கேட்காதவள் அவள் ஒருத்திதான். அதற்காகவே அவளை இருக்கச் சொன்னேன், இருந்ததும் வழக்கம்போலச் சண்டை பிடித்தேன்.

"தரீக்கான்னு ஒண்ணு குர்ஆன்ல எங்கடி இருக்கு?"

"இன்னமும் அதே கேள்வியாடி? ஜிப்ரயீல் அலைஹிஸ்ஸலாம் வானத்துலேருந்து நபிகிட்ட வந்து மூணு கேள்வி கேட்டாங்களே, அந்த ஹதீஸை நீதானே நடத்துறே. இஸ்லாம்னா என்ன, ஈமான்னா என்ன, இஹ்ஸான்னா என்ன. மூணாவதுக்கு என்ன பதில்?"

"அல்லாஹ்வை நீ பாக்கிற மாதிரி வணங்கறது. நீ பாக்காட்டியும் அவன் உன்னப் பாக்கிறான்."

"தொழுகைய எப்டி நிக்கணும், கைய எங்க கட்டணும்னு ஃபிக்ஹு சொல்லித் தருது. எதை நம்பணும்னு அகீதா சொல்லித் தருது. பாக்கிற மாதிரி வணங்கறதுக்கு யார் சொல்லித் தருவா? அதுக்கான வித்தைதான் இது. தனி மார்க்கம் இல்ல. ஷரீஅத்து வாசல் வழியா வராதவனுக்கு இங்க எடமே கெடயாது. நீ மூணாவது கேள்விக்கு எத்தனை வகுப்பு எடுப்பே?"

இஸ்லாத்துக்கு இரண்டு வாரம் எடுப்பேன், ஈமானுக்கு இரண்டு வாரம். இஹ்ஸானுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

விடுவேனா? கபுரில் போய்ப் பிள்ளை கேட்கிறார்களே, தாயத்து விற்கிற ஷெய்குமார்கள் இருக்கிறார்களே என்று கொட்டித் தீர்த்தேன். அவள் கோபப்படவே இல்லை. "கள்ள ஷெய்கு இருக்கான்தான். கள்ள டாக்டர் இல்லயா? மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டி நீ. அதுக்காக மாத்திரையே கூடாதுன்னு சொல்வியா?" என்றாள். கபுரில் கேட்பது தப்பு என்றுதான் அவள் ஷெய்கும் சொல்வாராம். கேட்கவேண்டியது அல்லாஹ்விடம், அங்கே போவது ஸலாம் சொல்லத்தானாம். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாதே என்றேன். "தெரியாதுதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

எனக்கு மனம் லேசாக இருந்தது. நல்ல சண்டை போட்டு எவ்வளவு நாளாகிறது.

அக்டோபர் 28, ஞாயிறு

தௌலத் வந்துபோனது காக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தெருவில் எதுதான் தெரியாமல் போகும்.

"அவ எதுக்கு இங்க வாறா? துக்கத்துல இருக்கிறவ மனசு எளகியிருக்கும். அந்த நேரம் பாத்துத்தான் வருவாங்க."

"மச்சான் சொந்தம் காக்கா. துக்கம் கேக்க வந்தா."

"ஒரு தடவை போதும்" என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ரபீஉல் ஆகிர் மாதம் பிறந்தால் தைக்காவில் முகையதீன் ஆண்டவர் என்கிற பெரிய ஷெய்கின் பெயரில் தினமும் ராத்திபு தொடங்கிவிடும். அதற்குமுன் ஊர்ப் பெண்களுக்கு என் குரலில் ஒரு செய்தி போகவேண்டுமாம். தரீக்காவில் இருந்த என் கணவர் அதை விட்டார், விட்டதனால் அல்லாஹ் அழகான முடிவைக் கொடுத்தான், கலிமா சொன்னதை நானே கேட்டேன் என்று. "நான் பேசினா இயக்கம் பேசுதும்பாங்க. நீ பேசினா ஒரு பொம்பள மனசு பேசும்."

காக்கா என்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். மச்சானை டயாலிசிஸுக்கு வாரம் தவறாமல் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். சந்தூக்கை வீட்டிலிருந்து கபுருஸ்தான் வரை தோள் மாற்றாமல் சுமந்ததும் அவர்தான். அவரை ஏமாற்றி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஊர் முன்னால் தலை குனிவார், மச்சானைப் பற்றி என்னென்னவோ பேசுவார்கள், ருஷ்தா மறுபடியும் சோற்றை ஒதுக்குவாள். சொல்லாவிட்டால் மைக் வைத்து இன்னொரு தடவை பொய் சொல்லவேண்டும்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய் ஊரெல்லாம் நடக்கிறது, எனக்குத்தான் வாசல் தாண்ட வழியில்லை.

நவம்பர் 1, வியாழன்

ஜன்னல் திறந்தே இருந்தது. மழைக்காற்று.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி லீவுக்கு ருஷ்தா வந்தாள். மாடியில் பாசி வழுக்குகிறது என்று தேய்த்துக் கழுவினாள். கீழே வந்து சொன்னாள்: "வாப்பா சுபுஹு தொழுதுட்டு ஒக்காருவாங்கள்ல, அந்த எடத்துல மட்டும் பாசி இல்லம்மா."

அங்கே உட்கார்ந்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, அந்நேரம் நான் அடுப்படியில் இருப்பேன் என்றேன்.

"கழுத்து எக்ஸர்சைஸ். கண்ண மூடிக்கிட்டு மெதுவா இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நான் சின்னப்புள்ளயில கேட்டிருக்கேன், கழுத்து வலியா வாப்பான்னு. ஆமா, நல்ல வலின்னு சிரிச்சாங்க."

அந்தக் கழுத்து வலிக்கு நான் தைலம் தேய்த்திருக்கிறேன். பட்டை வாங்கிப் போட்டுவிட்டேன். குனிந்து குனிந்து மருந்துச் சீட்டுப் படிப்பதால் வருகிறது என்று மதுரையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். படத்தைப் பார்த்த டாக்டர் கழுத்தில் ஒன்றும் இல்லையே என்றார். பீஸ் வாங்கத் தெரிகிறது, நோய் பார்க்கத் தெரியவில்லை என்று வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். மச்சான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

நவம்பர் 22, வியாழன்

கொட்டுகிற மழை. காக்கா வேண்டாம் என்று சொல்லியும் தௌலத் வந்தாள். நான் போன் போட்டு வரச்சொன்னேன் என்று எழுதிவிடுகிறேன், டைரியிடமாவது உண்மை பேசுவோம். மழை விடாததால் மக்ரிபை இங்கேயே தொழுதோம். நான் தேத்தண்ணி போட எழுந்தேன். அவள் விரிப்பிலேயே இருந்தாள்.

இரண்டு கோப்பையோடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

கண்ணை மூடியிருந்தாள். வாய் இறுக மூடியிருந்தது. முகம் மெதுவாக வலது தோள் பக்கம் போனது. பிறகு இடப்பக்கம் நெஞ்சின்மேல் இறங்கியது. சத்தம் இல்லை. உதடு துளியும் அசையவில்லை. மறுபடியும் வலது தோள். மறுபடியும் இடப்பக்கம்.

தரீக்காக்காரர்கள் அல்லாஹ்வை நினைத்து ஓதும் திக்ரு என்றால் நின்றுகொண்டு ஆடுவது, கத்துவது என்றுதான் மேடையில் பேசியிருக்கிறேன். உட்கார்ந்து செய்வதை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்க்காமலே அத்தனை மறுப்பு சொல்லியிருக்கிறேன்.

அவள் முடிக்கும்வரை நின்றேன். பிறகு சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"வாய் எதுக்கு அப்டி மூடியிருக்கே?"

"பாத்துட்டியா? நாக்கை மேலண்ணத்துல ஒட்டிக்கிடணும். அப்ப ஒதடு அசையாது. உள்ளதான் கலிமா. 'லா இலாஹ' வலது தோளுக்கு, மத்த எல்லாத்தையும் தூக்கிப் போடுற மாதிரி. 'இல்லல்லாஹ்' இடப்பக்கம், கல்புல, இதயத்துல அடிக்கணும். ஷெய்கு அனுமதி கொடுத்தாத்தான் செய்வோம்."

"சத்தமாச் சொன்னா என்ன?"

"சத்தமாவும் உண்டு. இது மறைச்சு செய்றது. பஸ்ல, ஆஸ்பத்திரியில, யாருக்கும் தெரியாம செய்யலாம்ல."

"கேக்கிறவங்களுக்கு எப்டித் தெரியும், சொல்றாங்களா இல்லயான்னு?"

"கேக்கிறவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வீட்ல புடிக்காதவங்க இருக்கிற ஆளுங்களுக்கு இதுதாண்டி வழி."

தேத்தண்ணி ஆறிவிட்டது. சூடுபண்ணிக் கொடுத்தேன்.

நவம்பர் 23, வெள்ளி

ஒன்றும் எழுத முடியவில்லை.

நவம்பர் 27, செவ்வாய்

கறிவேப்பிலைச் செடிக்குப் பந்தல் கட்டினேன். காக்கா போன் செய்தார், வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி வருகிறாராம். தயாராக இருக்கச் சொன்னார்.

டிசம்பர் 2, ஞாயிறு

கல்யாணமாகி இரண்டாம் வருடம் நான் மச்சானிடம் சொன்னேன். "ஒண்ணு அந்தக் கூட்டம், இல்லாட்டி நான்." அப்போது ருஷ்தா வயிற்றில் இருந்தாள். சரி மிஸ்ரி என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் முதல் ராத்திபுக்குப் போகவில்லை. நான் காக்காவிடம் பெருமையாகச் சொன்னேன், ஒரே வார்த்தையில் திருத்திவிட்டேன் என்று.

திருந்தவில்லை. சத்தத்தை மட்டும் நிறுத்தியிருக்கிறார். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டு, என் மேடைப் பயானைக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, நாக்கை மேலே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அப்படியானால் அன்று அவர் மறுக்கவில்லை. நான் சொல்லுங்க சொல்லுங்க என்று கத்தியபோது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அல்ஹம்துலில்லாஹ் என்று ஸஜ்தாவில் விழுந்தேன். எழுந்தபோது வேறொன்று பிடித்துக்கொண்டது. உயிர் போகிற நேரத்தில்கூட, அதே கலிமாவை, எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவில்லையே. இந்த வீட்டில் வாயை மூடிச் சொல்லியே பழகிவிட்டதா? பழக்கிவிட்டது நான்தானே.

இன்னொன்றும் எழுதிவைக்கிறேன். மௌத்து நேரத்தில் தலை எப்படியும் அசையும். நான் கண்டது வெறும் வேதனையாகவும் இருக்கலாம். எதையும் நிரூபிக்க என்னால் முடியாது. அவருடைய ஷெய்கு மௌத்தாகிப் பல வருடம். கேட்க யாரும் இல்லை.

டிசம்பர் 7, வெள்ளி

ருஷ்தா நேற்றே வந்திருந்தாள். ஜும்ஆ முடிந்து காக்கா நேராக இங்கே வந்தார். நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். கை கழுவி வந்து போனை மேசைமேல் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார். ருஷ்தா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முகம் வேணாம், கொரல் போதும். பிஸ்மி சொல்லி ஆரம்பி."

பிஸ்மி சொன்னேன்.

"என் மச்சான் ஜவ்ஹர் சாதிக் மௌத்தான அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். அவங்க வாயால கலிமா சொல்லல."

காக்கா போனை எடுத்து நிறுத்தினார்.

"என்ன புள்ள சொல்றே?"

"அன்னிக்கு உங்கள்ட்ட பொய் சொன்னேன் காக்கா. நான் சொல்லுங்க சொல்லுங்கன்னு கத்துனேன். அவங்க வாயத் தெறக்கல. உள்ளுக்குள்ள திக்ரு செஞ்சாங்க, அவங்க ஷெய்கு சொல்லிக் கொடுத்த மாதிரி. அவங்க எதையும் விடல. விட்டுட்டாங்கன்னு நாமதான் நெனச்சோம்."

"கபுரு பக்கத்துல நின்னு ஊருக்கே சொன்னேன் மிஸ்ரி. உன் ஒரு வார்த்தையை நம்பி."

"தெரியும் காக்கா."

"மௌத்து நேரத்துல எல்லாருக்கும்தான் தலை அசையும். இப்ப வந்து அது திக்ருங்கிறே. ஆலிமா நீ, யூகத்தை வச்சுப் பேசலாமா?"

"மாட்டேன்னு மறுத்தாங்கன்னு இத்தனை நாளா நெனச்சு செத்துக்கிட்டிருந்தேனே, அதுவும் யூகம்தானே."

"அதெல்லாம் வேணாம். காதால கேட்டியா, இல்லயா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"கேக்கல. பாத்தேன்."

காக்கா போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திட்டினால்கூடத் தேவலாம் என்றிருந்தது. கடைசியில் என் தலையில் கை வைத்தார். "இது உன் வாய்லேருந்து வெளிய போகவேணாம். அவருக்கும் நல்லதில்ல, உனக்கும் நல்லதில்ல. இத்தா முடியிற வரைக்கும் யாரும் பாக்க வரவேணாம்னு சொல்லிருறேன். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்" என்றார். தௌலத் பெயரை அவர் எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. வாசல் கதவை அவரே சாத்திவிட்டுப் போனார்.

திரும்பினால் ருஷ்தா நிற்கிறாள். கையில் ஈரத்தட்டு.

"வாப்பா சொல்லலயா? மெதுவா, தெளிவான்னு சொன்னீங்களேம்மா."

அந்த முகத்துக்கு நான் எந்த ஹதீஸை எடுத்துச் சொல்வேன்? ஜும்ஆ நாளும் அதுவுமாக என் பிள்ளையின் வாப்பாவை இரண்டாம் தடவையாக நான் பறித்துவிட்டேன். சொன்னாங்கம்மா, ஆனா வேற மாதிரி சொன்னாங்க என்றேன். எந்த மாதிரி என்றாள். வார்த்தையால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. விரிப்பை எடுத்துப் போட்டுக் கிப்லா நோக்கி உட்கார்ந்தேன்.

ஷெய்கின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்று தௌலத் சொன்னது ஞாபகம் இருந்தது. நான் செய்யவில்லை, பிள்ளைக்குக் காட்டுகிறேன், அவ்வளவுதான். கண்ணை மூடினேன். நாக்கை மேலே ஒட்டினேன். முகத்தை வலது தோளுக்குக் கொண்டுபோனேன். லா இலாஹ. இடப்பக்கம் நெஞ்சின்மேல் இறக்கினேன். இல்லல்லாஹ்.

காட்டுவதற்கு ஒரு தடவை போதும். அஸர் பாங்கு கேட்டது. அப்போதும் நான் நிறுத்தியிருக்கவில்லை. ருஷ்தா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "ம்மா, பயமா இருக்கும்மா, வாயத் தெறங்க, ஏதாச்சும் சொல்லுங்க" என்று கத்தினாள்.

அவள் கத்தியது எனக்கு நன்றாகவே கேட்டது. வாயைத் திறக்கத்தான் மனம் வரவில்லை.